உள்ளேன் ஐயா: டேக்கார்ட்டின் ஒரு வரி

'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்பதற்கு உண்மையில் என்ன பொருள் என்று தத்துவம் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். கூடவே மூன்று சந்தேகங்கள். கல்லும் மரமும் சிந்திப்பதில்லையே, அவை இல்லையா? ஆழ்ந்து தூங்கும்போது நான் இல்லாமல் போகிறேனா? நான் இருக்கிறேன் என்பது குழந்தைக்கும் தெரியுமே, இதைச் சொல்ல ஒரு பெரிய தத்துவ அறிஞர் எதற்கு?

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டும் பாதி தெளிந்துவிடும்.

பேச்சுப் போட்டிகளிலும் வகுப்பறைச் சுவர்களிலும் இந்த வரி சிந்தனையின் பெருமையைப் பாடும் வரியாகவே உலவுகிறது. 'சிந்திக்கிறவனே மனிதன், மற்றவன் வெறும் உடம்பு' என்பதுபோல. சிந்திக்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் இதை எழுதிய பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டேக்கார்ட் (பிரெஞ்சு உச்சரிப்பில் 'தெகார்த்') சொன்னது அதுவல்ல. அவர் யாரையும் சிந்திக்கச் சொல்லி ஊக்கப்படுத்தவில்லை. எதை எவ்வளவு சந்தேகித்தாலும் அசையாத ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கையில் அகப்பட்டதுதான் இந்த வரி. தேடலை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்தால், மாணவி சொல்வதுபோல், குழந்தைக்கும் தெரிந்த செய்தியாகத்தான் அது நிற்கும்.

ஏன் அப்படித் தேட வேண்டியிருந்தது? 1596இல் பிரான்சில் பிறந்த டேக்கார்ட், லா ஃபிளேஷ் என்ற ஊரில் இயேசு சபையினர் நடத்திய புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவர். பல நூற்றாண்டுகளாகப் பேரறிவாளர்கள் உழைத்த தத்துவத்தில் இன்னும் சர்ச்சைக்கு அப்பாற்பட்ட விஷயம் ஒன்றுகூட இல்லையே என்று பிற்பாடு எழுதினார். காலமும் அப்படிப்பட்டது. தினமும் காலையில் சூரியன் எழுவதைக் கண் பார்க்கிறது. நகர்வது சூரியன் அல்ல, நீ நிற்கும் தரைதான் என்று புதிய வானியல் சொல்கிறது. அப்படிச் சொன்னதற்காக 1633இல் ரோமில் கலிலியோ தண்டிக்கப்பட்டார். செய்தி தெரிந்ததும், பூமி நகர்கிறது என்று தாமும் எழுதி வைத்திருந்த நூலை டேக்கார்ட் வெளியிடாமல் நிறுத்திவைத்தார். கண் ஒன்று சொல்கிறது, கணக்கு ஒன்று சொல்கிறது, அதிகாரம் ஒன்று சொல்கிறது. எதை நம்புவது என்பது அவருக்குப் பொழுதுபோக்குக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

அவர் எடுத்த வழிக்கு அவரே ஓர் உவமை தந்திருக்கிறார். கூடை நிறைய ஆப்பிள், சில அழுகியிருக்கலாம். அழுகல் மற்றதற்கும் பரவும். என்ன செய்வோம்? கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லதை மட்டும் திரும்பப் போடுவோம். தம் நம்பிக்கைகள் அனைத்தையும் அவர் இப்படித்தான் கவிழ்த்தார். புலன்கள் முதலில் போயின, ஏனென்றால் அவை அவ்வப்போது ஏமாற்றுகின்றன. பிறகு, குளிர்கால அங்கி அணிந்து, கணப்பருகே உட்கார்ந்து, கையில் காகிதம் பிடித்திருக்கிறேன் என்பதும் போயிற்று. கனவிலும் இதே அங்கி, இதே கணப்பு, இதே காகிதம் வந்ததுண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து என்பது கனவிலும் மாறாதே என்று தோன்றும். அதையும் விடவில்லை. பெரும் ஆற்றலும் தந்திரமும் கொண்ட ஒரு தீய சக்தி, நான் கூட்டும்போதெல்லாம் என்னைத் தவறவைக்கிறது என்று வைத்துக்கொண்டால்? வானம், பூமி, நிறம், ஒலி, என் கை, என் கண் எல்லாமே அது விரிக்கும் பொய்த் தோற்றம் என்றால்?

இங்கேதான் அந்த இடம் வருகிறது. ஏமாற்றட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றட்டும். ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டும். 'நான் இல்லையோ' என்று சந்தேகித்தால், சந்தேகிக்க நான் இருந்தாக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விழுங்கிய சந்தேகம் இதை விழுங்கப் போனால் தன்னையே விழுங்க வேண்டியிருக்கிறது.

தமிழ் வழியில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை விளக்க என்னிடம் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, தலை நிமிராமல் பெயர்களை வாசிப்பார். பின்வரிசையிலிருந்து 'உள்ளேன் ஐயா' என்று குரல் வரும். அந்தக் குரல் பெயருக்கு உரியவனுடையதா, வராத நண்பனுக்காக வேறொருவன் கொடுத்த குரலா என்று ஆசிரியர் சந்தேகிக்கலாம். பதிவேட்டில் பெயரே தவறாக ஏறியிருக்கலாம். ஆனால் 'உள்ளேன்' என்று சொன்ன எவனோ ஒருவன் வகுப்பில் இருக்கிறான், அதில் சந்தேகமில்லை. எங்கள் வகுப்பில் ஒருவன், தன் பெயர் வந்தபோது விளையாட்டாக 'இல்லை ஐயா' என்றான். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தோம்? அவன் சொன்ன சொல்லை அவன் சொன்ன செயலே பொய்யாக்கிவிட்டது. அவனால் எந்தப் பொய்யையும் சொல்லியிருக்க முடியும், காய்ச்சல் என்று, பேனா தொலைந்தது என்று. அந்த ஒரு பொய்யை மட்டும் அவனால் வெற்றிகரமாகச் சொல்ல முடியவில்லை.

டேக்கார்ட்டின் வரி அந்த 'உள்ளேன்'தான். வேறுபாடு ஒன்று உண்டு: அங்கே ஆசிரியருக்குக் குரல் கேட்க வேண்டும். இங்கே கேட்பவரும் சொல்பவரும் ஒருவரே என்பதால் குரல்கூடத் தேவையில்லை. எண்ணம் எழுந்தாலே போதும்.

இந்த எடுத்துக்காட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. 'உள்ளேன் ஐயா' என்ற குரல் அவன் யார், என்ன உயரம், எந்தத் தெரு என்று எதையும் சொல்வதில்லை. இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டேக்கார்ட் பின்னால் தடுமாறிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

இந்த வரி ஒரே வடிவில் வந்ததில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1637இல் லைடன் நகரில், ஆசிரியர் பெயர் இல்லாமல், பிரெஞ்சு மொழியில் வெளியான 'முறை பற்றிய உரை'யில்தான் 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' முதலில் அச்சேறியது. எல்லோரும் மேற்கோள் காட்டும் 'கோகிட்டோ எர்கோ சும்' என்ற லத்தீன் வடிவம், முன்னால் 'நான்' என்ற சொல்லும் சேர்ந்து, 1644இல் வந்த 'தத்துவத்தின் கோட்பாடுகள்' நூலில் இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் 1641இல் வெளிவந்தது அவருடைய தலைசிறந்த படைப்பான 'தியானங்கள்'. அதில் இந்த வாதம் வரும் இரண்டாம் தியானத்தில் 'ஆகவே' என்ற சொல்லே இல்லை. 'நான் உள்ளேன், நான் இருக்கிறேன்' என்ற கூற்று, அதை நான் சொல்லும் ஒவ்வொரு முறையும், மனத்தில் எண்ணும் ஒவ்வொரு முறையும், கட்டாயம் உண்மையாகிறது என்றுதான் இருக்கிறது.

மூன்றில் இதையே நான் பெரிதும் மதிக்கிறேன். 'ஆகவே' என்ற சொல் நம்மை வழிதவறச் செய்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறோம். புகை கண்ணுக்குத் தெரிந்தது, நெருப்பு தெரியாதது. ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்கிறோம். நடுவே 'புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு' என்ற பொது விதி வேண்டும். டேக்கார்ட்டின் வரி அப்படிப்பட்ட அனுமானம் என்று கொண்டால், 'சிந்திப்பவை எல்லாம் இருப்பவை' என்ற பொது விதி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி வரும். எல்லாவற்றையும்தான் கவிழ்த்துவிட்டாரே! 'தியானங்கள்' நூலுக்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் எழுதும்போது இதை அவரே தெளிவாக்குகிறார்: நான் பொது விதியிலிருந்து முடிவுக்கு வரவில்லை, இல்லாமல் சிந்திப்பது முடியாது என்பதை என்னிடத்திலேயே நேராகக் காண்கிறேன், பொது விதி அதற்குப் பிறகுதான் வருகிறது என்று. புகையும் நெருப்பும் போன்ற உறவல்ல இது. 'வலிக்கிறது' என்பதற்கும் 'வலி இருக்கிறது' என்பதற்கும் உள்ள உறவுக்கு நெருக்கமானது.

இனி 'சிந்திக்கிறேன்' என்ற சொல். தமிழில் அது ஆழ்ந்த யோசனையைக் குறிக்கும். கையைத் தாடையில் வைத்து உட்கார்ந்திருக்கும் உருவம் உடனே மனத்தில் வருகிறது. டேக்கார்ட் கொண்ட பொருள் அதைவிட மிக அகலமானது. சந்தேகிப்பது, புரிந்துகொள்வது, ஒப்புவது, மறுப்பது, விரும்புவது, வெறுப்பது, கற்பனை செய்வது, புலன்களால் உணர்வதுகூட அதில் அடங்கும். நமக்குள் நடந்து நமக்குத் தெரியவரும் எல்லாமே அவருக்குச் சிந்தனைதான். 'உணர்கிறேன்' என்று மொழிபெயர்த்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். நள்ளிரவில் பல் வலிக்கிறது. வலியால் துடிக்கிறவர் எந்தத் தத்துவத்தையும் யோசிக்கவில்லை. ஆனாலும் அந்த வலி, டேக்கார்ட்டின் கணக்கில், சிந்தனை. பல் இல்லாமலே இருக்கலாம். வெட்டி எடுக்கப்பட்ட காலில் வலியை உணர்ந்தவர்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். பல் பொய்யாகலாம், தாடை பொய்யாகலாம், 'வலிக்கிறது' பொய்யாகாது.

இதே காரணத்தால்தான் 'நடக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை. எந்தச் செயலிலிருந்தும் இருப்பு தெரியுமே, சிந்தனைக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்று அவர் காலத்துத் தத்துவவாதி பியர் கசாந்தி கேட்டார். டேக்கார்ட்டின் பதில் கச்சிதமானது: நடப்பதாகக் கனவு காணும்போது கால் அசைவதில்லை, ஆகவே நடையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது என்பதை வைத்துச் சொல்லலாம்.

கல்லுக்கும் மரத்துக்கும் இப்போது எளிதாகப் பதில் சொல்லலாம். 'மழை பெய்தால் தரை நனையும்' என்பதிலிருந்து 'மழை பெய்யாவிட்டால் தரை நனையாது' என்று வராது. யாரோ வாளித் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். சிந்திப்பவர் இருக்கிறார் என்றால் சிந்திக்காதது இல்லை என்றாகாது. கல் இருக்கலாம். ஆனால் 'நான் இருக்கிறேன்' என்று தானே அறியும் வழி கல்லுக்கு இல்லை. கல் இருப்பதை நான் அறிவதும், என் இருப்பை நான் அறிவதுபோல் அவ்வளவு உறுதியாக அல்ல. அதனால்தான் இந்த வரியைத் தன்மை இடத்தைவிட்டு நகர்த்தினால் வலு போய்விடுகிறது. 'அவர் சிந்திக்கிறார், ஆகவே இருக்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் என் கனவில் வந்தவராக இருக்கலாமே.

தூக்கம் அவ்வளவு எளிதல்ல. 'நான் இருக்கிறேன், அது உறுதி. ஆனால் எவ்வளவு நேரம்? நான் சிந்திக்கும் நேரம் வரை' என்று டேக்கார்ட்டே எழுதுகிறார். சிந்தனை முற்றிலும் நின்றால் நானும் முற்றிலும் இல்லாமல் போகலாம் என்றும் அடுத்துச் சொல்கிறார். வரி மட்டும் இதை நிலைநாட்டவில்லை. வரி தருவது அந்தந்தக் கணத்துக்கான உறுதியை. ஆனால் மனம் என்பதே சிந்திக்கும் பொருள் என்று அவர் பின்னர் கொண்டதால், கனவற்ற தூக்கத்திலும் மனம் ஏதோ ஒரு வகையில் சிந்தித்துக்கொண்டே இருக்கிறது, விழித்ததும் நினைவில் இருப்பதில்லை, அவ்வளவுதான் என்று வாதாட வேண்டியதாயிற்று. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதைக் கடுமையாக மறுத்தார். எனக்கும் லாக் பக்கமே நியாயம் இருப்பதாகத் தெரிகிறது. தூங்கியபோதும் சிந்தித்தேன், ஆனால் எனக்கே தெரியாது என்றால், தெரியவருவதுதான் சிந்தனை என்று முதலில் சொன்னது என்ன ஆயிற்று?

இது முழுக்க அவருடைய கண்டுபிடிப்பா என்றால், இல்லை. 'நான் தவறு செய்கிறேன் என்றாலும் இருக்கிறேன்' என்ற பொருளில் கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகுஸ்தீன் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். ஒரு நண்பர் இதைச் சுட்டிக்காட்டியபோது, நகர நூலகத்துக்குப் போய் அந்தப் பகுதியைப் படித்துப் பார்த்ததாக 1640 நவம்பரில் டேக்கார்ட் பதில் எழுதினார். சந்தேகிப்பவன் இருக்கிறான் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய எளிய விஷயம், ஆனால் அதை நாங்கள் இருவரும் வெவ்வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம். அகுஸ்தீனுக்கு அது வழியில் வரும் ஒரு படி, டேக்கார்ட்டுக்கு அதுவே கட்டடத்தின் அடிக்கல்.

தமிழிலும் இதற்கு உறவான ஒரு வாதம் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாக நான் சொல்லவில்லை. ஒரே கேள்வியை இரண்டு நிலங்கள் தனித்தனியே எதிர்கொண்டிருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடம்புக்குள் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்கும்போது முதலில் வைப்பது 'உளது இலது என்றலின்' என்பதை. உடம்பு ஆன்மா அல்ல, புலன் அல்ல, மூச்சு அல்ல என்று ஒவ்வொன்றாக 'இல்லை, இல்லை' என்று தள்ளிக்கொண்டே போனாலும், இல்லை என்று சொல்கிற அறிவு ஒன்று எஞ்சுகிறதே, அது உளது என்பது உரைகாரர்கள் காட்டும் பொருள். மறுப்பே இருப்புக்குச் சான்றாவது அப்படியே டேக்கார்ட்டின் வாதமுறை. ஆனால் அதே சூத்திரம் 'உணர்த்த உணர்தலின்' என்றும் சொல்கிறது: ஆன்மா தானாக அறிவதில்லை, அறிவிக்க அறிகிறது. இருவரும் பிரியும் இடம் அது. டேக்கார்ட்டின் 'நான்' முதலில் தனியாகத் தன்னை அறிந்துவிடுகிறது; கடவுள் அடுத்த தியானத்தில்தான் வருகிறார், இழந்த உலகத்தை மீட்டுத் தர.

சரி, 'நான்' இருக்கிறேன். அந்த நான் என்ன? இங்கேதான் டேக்கார்ட் வேகமாகத் தாவுகிறார். சிந்தனை ஒன்றை மட்டும்தான் என்னிடமிருந்து பிரிக்க முடியவில்லை, ஆகவே நான் சிந்திக்கும் ஒரு பொருள் என்கிறார். பிறகு உடம்பிலிருந்து முற்றிலும் வேறான பொருள் என்று ஆறாம் தியானத்தில் முடிக்கிறார். ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் உடனே பிடித்துக்கொண்டார்: 'நடக்கிறேன், ஆகவே நான் ஒரு நடை' என்று சொல்வதுபோல் இருக்கிறதே! சிந்திக்கிற அது உடம்பாகவே ஏன் இருக்கக் கூடாது? பிரெஞ்சு இறையியலாளர் அந்துவான் அர்னோ இன்னும் நுட்பமாகக் கேட்டார்: செங்கோண முக்கோணம் ஒன்றைத் தெளிவாக அறிந்த ஒருவருக்குப் பித்தகோரஸ் தேற்றம் தெரியாமல் இருக்கலாம், அதனால் அந்தத் தேற்றம் முக்கோணத்துக்குப் பொருந்தாது என்றாகுமா? உடம்பை நினைக்காமல் என்னை நினைக்க முடிகிறது என்பதாலேயே உடம்பில்லாமல் நான் இருக்க முடியும் என்று ஆகிவிடாது. பின்வரிசைக் குரல் இருப்பைச் சொன்னது. அதிலிருந்து அவன் எதனால் ஆனவன் என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு மறுப்பு தமிழில் யோசிப்பவர்களுக்கு மிகவும் சுவையானது. ஜெர்மானிய அறிவியலாளர் லிக்டன்பெர்க், 'நான் சிந்திக்கிறேன்' என்பதே அதிகப்படி, 'மின்னுகிறது' என்பதுபோல் 'சிந்திக்கிறது' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார். மின்னல் வெட்டும்போது மின்னுகிறவர் யார் என்று நாம் கேட்பதில்லையே. எண்ணம் தான் விரும்பும்போது வருகிறது, நான் விரும்பும்போது அல்ல என்று பின்னர் ஜெர்மானியத் தத்துவவாதி நீட்ஷேயும் இதே திசையில் எழுதினார். இலக்கணம் நம்மை ஏமாற்றுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 'கோகிட்டோ' என்ற ஒற்றைச் சொல்லின் ஈற்றில் ஓகாரமாக 'நான்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, 'சிந்திக்கிறேன்' என்பதில் நம் 'ஏன்' விகுதி போல. வினையைச் சொல்லும்போதே செய்பவனும் உள்ளே நுழைந்துவிடுகிறான்.

ஆனால் தமிழுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 'எனக்குத் தோன்றுகிறது' என்கிறோம். இங்கே நான் செய்பவன் இல்லை; எண்ணம் தானாக வருகிறது, நான் அது வந்து சேரும் இடம். லிக்டன்பெர்க் கேட்ட வாக்கியம் ஏறக்குறைய இதுதான். நாம் அதை நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படிச் சொல்லியும் 'எனக்கு' போகவில்லை என்பதைக் கவனியுங்கள். 'தோன்றுகிறது' என்று மட்டும் ஒருவர் சொன்னால், 'யாருக்கு?' என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இரண்டாம் தியானத்தில் டேக்கார்ட் தம் உறுதியைத் தேடும் இடத்திலும் இந்தச் சொல்தான் இருக்கிறது: ஒளியைப் பார்ப்பது, ஓசையைக் கேட்பது, வெப்பத்தை உணர்வது எல்லாம் பொய்யாக இருக்கட்டும், பார்ப்பதாகவும் கேட்பதாகவும் தோன்றுகிறதே, அது பொய்யாக முடியாது. 'செய்கிற நான்' இந்த வாதத்தில் நிரூபணமாகவில்லை என்று லிக்டன்பெர்க்குக்கு விட்டுக்கொடுக்கிறேன். 'எனக்கு' என்பதில் இருக்கும் நான் நிற்கிறது.

உடம்பிலிருந்து முற்றிலும் வேறானதாக்கப்பட்ட நானுக்கு வந்த மிகக் கடினமான கேள்வி, நூல் எழுதிய யாரிடமிருந்தும் வரவில்லை. நாடிழந்து ஹேக் நகரில் வாழ்ந்த பொஹீமிய இளவரசி எலிசபெத், 1643 மே மாதத்தில், 24 வயதில், டேக்கார்ட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆன்மா வெறும் சிந்தனை மட்டும் என்றால், இடத்தை அடைக்காதது, எதையும் தொடாதது என்றால், அது உடம்பை எப்படி அசைக்கிறது? கையைத் தூக்க நினைக்கிறேன், கை எழுகிறது. நடுவில் என்ன நடக்கிறது? ஆன்மாவும் உடம்பும் ஒன்றியிருப்பது தத்துவ ஆராய்ச்சியில் புலப்படாது, அன்றாட வாழ்விலும் சாதாரணப் பேச்சிலும்தான் நன்றாகப் புலப்படும் என்று டேக்கார்ட் ஜூனில் பதில் எழுதினார். ஆன்மா உடம்பை அசைக்கிறது என்று புலன்கள் காட்டுகின்றன, எப்படி என்று காட்டவில்லையே என்று ஜூலையில் எலிசபெத்திடமிருந்து மறுகடிதம் வந்தது.